நாற்பத்து மூன்று

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
கொம்தார் கட்டடத்தின் பதினாறாம் மாடியில்
நான் ஆட்களை எண்ணுகிறேன்.
நிரந்தரம் இத்தனை, ஒப்பந்தம் இத்தனை,
நாள்கூலி இத்தனை.
கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினால்
புத்ராஜெயாவில் யாரோ அதை
ஒரு புள்ளியாக்குவார்கள்.
புள்ளிகளைச் சேர்த்தால் கோடு.
கோடு ஏறினால் மாநிலம் நலம் என்றும்
இறங்கினால் சிக்கனம் என்றும்
எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் கோடு போடுபவள் இல்லை.
கூட்டலில் ஒன்று பிசகினால்
திட்டு வாங்குபவள்.

இந்த முறை நாற்பத்து மூன்று குறைந்தது.
மறுநாளே தொலைபேசி. என்சிக் ரஸ்லான்.
"புவான் திலகேஸ்வரி, தட்டியதில் தவறா?"
இல்லை என்சிக்,
இரவுச் சந்தைத் துப்புரவு
குத்தகைக்குப் போய்விட்டது.
"அப்படியென்றால் ஆள் குறையவில்லை?"
ஆள் குறையவில்லை.
"நல்லது" என்றார்.
நல்ல மனிதர்தான், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார்.

ஆள் குறையவில்லைதான்.
விடியற்காலை நாலரைக்கு, சூலியா வீதியில்,
முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன்.
நீலச்சட்டை ஆரஞ்சாகியிருந்தது, அவ்வளவுதான்.
அமுதவல்லி அதே தொட்டியை
அதே இடதுகாலால் முட்டுக்கொடுத்துக்
கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
முன்பெல்லாம் கணவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால்
மன்றத்துக் கடிதம் ஒன்றை நீட்டுவாள்,
கதவு திறக்கும்.
இப்போது குத்தகைக்காரரின் கிராணியிடம் கேட்கிறாள்.
அவர் "நாளைக்கு" என்கிறார்.
சர்க்கரை நோய்க்கு நாளை என்றால் என்னவென்று தெரியாது.

அந்தக் கடிதத்துக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

இன்னொன்றுக்கும் இல்லை.
சாக்கடைப் பிரிவில் ஆறு இடம் காலியென்று
ஆகஸ்டில் விளம்பரம் கொடுத்தோம்.
ஐந்து வருஷத்துக்கு முன் இதே ஆறு இடத்துக்கு
ஒன்பது பேர் வந்தார்கள்,
அதில் இருவர் உரிமம் புதுப்பிக்க வந்து
மாடி மாறியவர்கள்.
இந்த முறை எழுநூற்றுப் பன்னிரண்டு.
மேசை கொள்ளாமல் தரையில் அடுக்கினேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு ஷிஃப்ட் நின்றால்
மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.
பத்திரிகை சொல்லாது, பங்குச்சந்தை சொல்லாது,
தபால் பையின் கனம் சொல்லும்.
நல்ல காலத்தில் மண்வெட்டியைத் தொட ஆளில்லை.
கெட்ட காலத்தில் மண்வெட்டிக்கு
டிப்ளோமா வந்து வரிசையில் நிற்கிறது.

தியோ கா செங், வயது முப்பத்தைந்து.
முன் அனுபவம் என்ற இடத்தில்
அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்:
தூசில்லா அறை, பதினோரு வருஷம்.
தலைமுடி ஒன்று விழுந்தாலும் பாவமென்று
முகம்மூடி, கைமூடி, காலணிக்கும் உறைபோட்டு
விரல்நகத்தினும் சிறியதைச் செய்தவன்.
நேர்முகத் தேர்வில்
காங்கிரீட் மூடியைத் தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினான்.
கீழே பார்த்தான்.
நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை,
மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவன்.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் மேற்பார்வையாளர்.
சம்பளம் கேட்பான் என்று நினைத்தேன்.
"கையுறை யார் கொடுப்பது,
மன்றமா, குத்தகையா?" என்றான்.
மன்றம் என்றேன்.
உட்கார்ந்து, பேனாவை வாங்கி,
மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டான்.

அடுத்த காலாண்டில் நிரந்தரத்தில் ஆறு கூடும்.
புள்ளி கொஞ்சம் மேலே போகும்.
மாநிலம் நலம்.

என்சிக் ரஸ்லான் கூப்பிடமாட்டார்.
ஆறுக்கெல்லாம் யாரும் போன் செய்வதில்லை.